மாமா வாங்கிய கத்திகள்

எழுதலாம் என்று ஒவ்வொரு புரட்டாசியிலும் நினைப்பேன். பெருமாளுக்கு மாவிளக்கு ஏற்றிவிட்டுத் தாளும் பேனாவுமாக உட்காருவேன். முதல் வரிக்கே கை ஓடாது. ஒரு மனிதனுடைய மானம் இதில் இருக்கிறது, அதை எடுத்து வெளியே வைக்க நமக்கு என்ன உரிமை என்று தோன்றும். எழுந்து போய்விடுவேன். இப்படியே வருடங்கள் போய்விட்டன. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். அதிலும் பாதி தமிழ், பாதி தெலுங்கு. எழுத்தில் பிழை இருக்கும். நடந்ததில் பிழை இல்லை. அதற்கு மலை மேல் நிற்கிறவன் சாட்சி.

இப்போது எழுத வைத்தது நீங்கள்தான், தம்பிகளே. திருப்பதியில் நம் சவரத் தொழில்காரர்கள் கூடியபோது, புதிதாகக் கடை வைத்திருக்கிற உங்களில் சிலர் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்டீர்கள். "பெரியப்பா, முழுக்கத்தி ஒண்ணு வாங்கணும். புதுசு வாங்கறதா, பழசு வாங்கறதா? கையில கொஞ்சம்தான் கீது." அந்த இடத்தில் சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலைச் சொல்ல வாயெடுத்தால் மாமாவைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது.

முதலில் ஒன்று. கடைக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு புது பிளேடு மாட்டுகிற கத்திதான். அதில் பேச்சே வேண்டாம். யாருக்கு என்ன நோய் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது. நான் சொல்வது முழுக்கத்தியை: இரும்பு ஒரே துண்டாக இருக்கும், கல்லில் தீட்டி, தோல்வாரில் இழுத்து நாமே கூர் ஏற்றுகிற மடக்குக் கத்தி. நம் சொந்த முகத்துக்கும், வீட்டில் நடக்கிற நல்ல காரியத்துக்கும், தன் கத்தியைத் தானே கொடுத்து வைத்திருக்கிற வாடிக்கைக்காரருக்கும் அது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். இரண்டு பேரும் பிச்சாட்டூர்ப் பக்கத்து ஆந்திர எல்லையோர ஆட்கள். காணி நிலம் இல்லாத குடும்பங்கள். திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சேர்ந்து கடை வைத்தோம். வாசல் பக்கத்து நாற்காலி அவருடையது, உள்பக்கத்து நாற்காலி என்னுடையது. அவர் பேச்சைக் கேட்பதற்காகவே முடி வளர்வதற்கு முன்னால் வருகிறவர்கள் உண்டு.

ஒருநாள் பூ மண்டியில் வேலை பார்க்கிற ஒரு தெலுங்குக்காரர் வந்தார். மாமாவின் பழைய வாடிக்கை. வந்தவர் மாமாவின் காலி நாற்காலியைத் தாண்டி, உள்ளே வந்து என் நாற்காலிக்காகக் காத்திருந்தார்.

மாமா விடவில்லை. "ஏம் அண்ணா, மச்சான் நாற்காலியில குந்துனா வயசு கொறையுதா?"

"மீ மாட்டலு சாலா எக்குவ, மாமா. உன் பேச்சு கேட்டு கேட்டு காது வலிக்குது. மச்சான் வாயத் தொறக்க மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அந்த மனிதரின் காதுக்குக் கீழே ஒரு சின்ன பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். மாமாவும் பார்த்தார்.

அன்றைக்குக் கடை கழுவும்போது மாமா சொன்னார். "இந்த பிளேடு மாட்ற கத்தில வெயிட்டே இல்ல மச்சான். ஈர்க்குச்சி புடிக்கிற மாதிரி கீது. அதான் ஆடுது. முழுக்கத்தி ஒண்ணு வாங்கிட்டா கை நின்னுடும்."

கத்தியின் எடை சரியில்லாவிட்டால் கை ஆடும் என்பது உண்மைதான். நம் தொழிலில் இருக்கிற எவனும் அப்படித்தான் நினைப்பான். தச்சனோ தையற்காரனோ தன் கையைச் சந்தேகப்படலாம். நமக்குக் கை என்பது கத்திக்குப் பின்னால் தானாக வருகிற பொருள். காயம் பட்டால் முதலில் கூரைப் பார்ப்போம், பிறகு கல்லை, பிறகு வாரை. கையைக் கடைசியில்கூடப் பார்க்க மாட்டோம்.

அவசரத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. மாமாவின் மகளுக்கு வெகு காலம் குழந்தை இல்லை. குழந்தை பிறந்தால் அதன் முதல் மொட்டையைத் தன் கையாலேயே போடுவதாக மாமா எங்கள் குலதெய்வமான அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தார். அம்மன் கொடுத்தாள். பெண் குழந்தை. தை மாதம் மொட்டை என்று நாள் பார்த்தாகிவிட்டது. இனிக் கத்தி வேண்டும்.

முதலில் திருப்பதியிலேயே சலூன் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். புதுக் கத்திகள் கண்ணாடி மாதிரி மின்னின. மாமா மின்னுவதைப் பார்க்கவே இல்லை. கத்தியை விரித்து மேஜைக் கண்ணாடி மேல் படுக்க வைத்து, ஒரு விரலால் நுனியைத் தொட்டார். கத்தி ஒரு கால் குட்டையான கட்டில் மாதிரி ஆடியது. "இது கோணல். அடுத்தது குடு." மடக்கிப் பார்த்தார். கூர் பிடியின் நடுவில் இறங்காமல் ஒரு பக்கம் உரசியது. "இது பிடியையே சவரம் பண்ணும். அடுத்தது." கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. கடைசியில் ஒன்று தேறியது, வாங்கினோம். நன்றாகத்தான் இருந்தது, சில நாளைக்கு. தம்பிகளே, விலை மலிவான புதுக் கத்தியில் இரும்பு மெத்தென்று இருக்கும். கூர் சீக்கிரம் ஏறும், அதைவிடச் சீக்கிரம் இறங்கும். பழகுவதற்கு வாங்கலாம். நம்பி வைத்துக்கொள்ள வாங்காதீர்கள். கையில் இருக்கிற காசில் ஒரு பாதியைக் கல்லுக்கும் வாருக்கும் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் கத்தியைத் தேடுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இரண்டாவது கத்தி தடாவில் கிடைத்தது. ஹைவே ஓரத்தில் ஒரு பழைய சலூனை மூடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, மாமா பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தார். தந்த நிறத்தில் பிடி, கத்தி மேல் பொன் நிறத்தில் கொடியும் பூவும். பார்த்தால் கல்யாண நகை மாதிரி இருந்தது. முதன்முறையாக மாமா அழகில் விழுந்துவிட்டார். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தால் முதுகுப் பக்கம் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தது. முன்னே வைத்திருந்தவர் தீட்டித் தீட்டிப் பாதி இரும்பைக் கல்லிலேயே கரைத்திருக்கிறார். முதுகு தேய்ந்த கத்தியைத் தொடாதீர்கள். பூவுக்கும் பெட்டிக்கும் காசு கொடுக்காதீர்கள்.

அந்தக் கத்தியில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. மாமா விரித்துப் பிடித்தால் கத்தி பிடியில் பட்டு டிக் டிக் என்று சின்னச் சத்தம் வரும். "ஆணி லூஸ் மச்சான்," என்றார். வாங்கிக்கொண்டு போய் ஒரு பொற்கொல்லரிடம் கொடுத்து ஆணியை இறுக்கி வந்தேன். என் கையில் சத்தம் இல்லை. மாமா கையில் கொடுத்தேன். டிக் டிக்.

அன்றைக்கே சொன்னேன். "மாமா, ஆஸ்பத்திரிக்கு ஒரு தபா போய்ட்டு வந்துடலாம்."

"இன்னாத்துக்கு?"

"கைக்கு."

"கைக்கு இன்னா? பரோட்டாவ பிச்சி துன்னல? உன்ன விட ஒண்ணு சாஸ்தியா துன்றேன்."

எப்படியோ அழைத்துப் போனேன். நரம்பில் தொந்தரவு, வயதுக்கு முன்னாலேயே வந்திருக்கிறது, மருந்து சாப்பிட்டால் கொஞ்சம் அடங்கும், போகாது என்றார் டாக்டர். மாமா வெளியே வந்து, "அவரு கையெழுத்த பார்த்தியா? அவருக்குதான் ஆடுது," என்றார். மாத்திரை போட்டால் தூக்கம் வருகிறது என்று நிறுத்திவிட்டார். அக்காவிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மார்கழி பிறந்ததும் சித்தூர் போனோம். அங்கே பழைய இரும்பு, பித்தளை வாங்கி விற்கிற ஒரு ஆள், வாசலில் சாக்கு விரித்துக் குவித்திருப்பான். துருப்பிடித்த பூட்டு, தராசுத் தட்டு, யாருடையதோ பூஜை மணி. அதற்கு நடுவில் நாலைந்து கத்திகள். "தீஸ்கோண்டி அண்ணா, எடுத்துக்கோ, ஜெர்மன் சரக்கு," என்றான். எல்லாப் பழைய கத்தியும் விற்கிறவனுக்கு ஜெர்மன்தான்.

மாமா குந்தி உட்கார்ந்தார். அன்றைக்கு அவர் செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாக எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். மிளகு தூவின மாதிரி கரும்புள்ளி கூர் ஓரத்தில் இருந்தால் தள்ளிவிட்டார். துரு முதுகில் இருந்தால் பரவாயில்லை, கூரில் இருந்தால் அந்த இடம் தீட்டும்போது உதிர்ந்துபோகும். கடைசியில் ஒன்று. கறுத்துப்போயிருந்தது, பிடி இரண்டாக உடைந்திருந்தது. அதை நகத்தால் சுண்டினார். ணங் என்று கோயில் மணி மாதிரி ஒலித்தது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் ஓட்டைச் சட்டி மாதிரி சத்தம் வரும்.

"உடைஞ்ச பிடிக்கு இவ்ளோவா?" என்று கடைக்காரனிடம் அலுத்துக்கொண்டார்.

"பிடி ஒத்து அண்ணா, கத்தி சூடண்டி." பிடியை விடு, கத்தியைப் பார் என்கிறான்.

"கத்தி கறுத்து கீது. அடுப்பு கிளறவா?"

பேரம் பேசிக் குறைந்த விலைக்கே வாங்கினார். சந்து திரும்பியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், இது கிடைக்கிற சரக்கில்ல. அம்மன் எடுத்து வச்சிருக்கா." கண் கலங்கியிருந்தது.

உடைந்த பிடியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், தம்பிகளே. பிடி மாற்றலாம். இரும்பு மாற்ற முடியாது. பழசில் பணத்தை மிச்சம் பிடிக்கிற வழி இதுதான்.

ஒரு மரக் கடைசல்காரரிடம் புதுப் பிடி போட்டோம். மாமாவே கல்லில் தீட்டினார். கல் அசையாமல் கிடப்பதால், அதன் மேல் அழுந்துகிற கையும் அசையவில்லை. "பாத்தியா? ஆடுதா? சொல்லு, ஆடுதா?" என்றார். ஆடவில்லைதான். எனக்குமே ஒரு நிமிடம் நம்பிக்கை வந்துவிட்டது.

தை மாதம், கோயில். காலை வெயில், புது வேட்டி, பொங்கல் பானை. மாமாவின் மகன் பாபு தாய்மாமன் முறைக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை பார்க்கிற மருமகன், "மாமா, மெஷின் ஒண்ணு வாங்கியாந்து கீறேன், சார்ஜ் ஃபுல்லா கீது," என்று கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார். "உன் மெஷினால உன் மீசைய எடு மொதல்ல," என்றார் மாமா. நல்ல கலகலப்பாகத்தான் இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வந்த கத்தி, குழந்தையின் தலையைத் தொடும் முன்னால் வீட்டு ஆண்பிள்ளை ஒருவனுடைய கன்னத்தைத் தொட வேண்டும். கத்தி எப்படிப்பட்டது, யார் கையில் என்ன காரியம் செய்தது என்று தெரியாது. அது பெரியவனிடம் தன் கோபத்தை இறக்கிவிட்டுப் பிறகு குழந்தையிடம் போகட்டும் என்பார்கள். வழக்கமாகப் பேருக்குத் தொடுவதோடு சரி. நான் போய் மாமா முன்னால் உட்கார்ந்தேன். "பேருக்கு வேணாம் மாமா. முழுசா போடு," என்றேன்.

மாமா என்னைப் பார்த்தார். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

சோப்பு போட்டார். கத்தியை மஞ்சள் தண்ணீரில் முக்கினார். "தாயே," என்று கன்னத்தில் வைத்தார். காதருகே முதல் இழுப்பு வெண்ணெய் மாதிரி இறங்கியது. இரண்டாவதும் அப்படியே. நான் மனதுக்குள் கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தாடைக்கு வந்தபோது அவர் விரல் என் தோலின் மேல் படபடத்தது. கத்தி நின்றது, மறுபடி தொட்டது. சுள்ளென்றது. சட்டைக் காலரில் சூடாக இறங்கியது.

குழந்தை மட்டும் ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "நான் அப்பவே சொன்னேன், பழைய இரும்பு வேணாம்னு. எவன் வூட்டு கத்தியோ. அத்த தூக்கி போட்டுட்டு தம்பியோட கத்திய வாங்கிக்கோ, நேரமாவுது."

மாமா நகரவில்லை. கத்தியைத் துடைத்து என்னிடம் நீட்டினார். "மச்சான், நீ பாரு. நீ சொல்லு. கத்தியா?"

தம்பிகளே, தொழிலில் எத்தனையோ நெருக்கடி பார்த்திருக்கிறேன். கத்தி கழுத்தில் இருக்கும்போது வலிப்பு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் ஒன்றும் இல்லை. இங்கே சுற்றிலும் சொந்தக்காரர்கள், முன்னால் அம்மன், என் அக்கா கண்ணாலேயே எனக்குச் சொல்கிறாள்: கத்திதான் என்று சொல்லு. சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால், அக்கா சொன்னபடி அவர் என் கத்தியை வாங்கிக்கொண்டு குழந்தையிடம் திரும்புவார். நான் குறுக்கே விழுந்து தடுத்தால் அது இன்னும் பெரிய அவமானம். இதையெல்லாம்விட, அவர் என்னிடம் கேட்ட விதம். மச்சினனிடம் கேட்கிற மாதிரி இல்லை. ஒரு தொழில்காரன் இன்னொரு தொழில்காரனிடம் கேட்கிற மாதிரி கேட்டார். அப்படிக் கேட்டவனுக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கத்தியை வாங்கினேன். முன்கை முடியில் வைத்தேன். தொட்டதும் உதிர்ந்தது. வெயிலில் பிடித்துக் கூரைப் பார்த்தேன். ஒரு பழுது இல்லை.

"கத்தி நல்லா கீது, மாமா," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு தடவைதான். "அப்ப நீ போடு," என்றார்.

மகள், "நைனா," என்று அழுதாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சொம்பை எடுத்துக் குழந்தையின் தலையில் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தார். கை ஆடியதில் தண்ணீர் துளித்துளியாகக் குழந்தையின் மூக்கிலும் காதிலும் தெறித்தது. குழந்தைக்கு அது வேடிக்கை. கிளுகிளு என்று சிரித்தது. தாத்தா கையைப் பிடித்து இன்னும் என்று இழுத்தது. அவர் தெளித்துக்கொண்டே இருந்தார். நான் முழங்கால் போட்டு உட்கார்ந்து, அந்தச் சிரிப்பு நிற்பதற்குள் மொட்டை போட்டு முடித்தேன். சொட்டு ரத்தம் இல்லை. என் தாடையிலிருந்து விழுந்ததைத் தவிர. சந்தனம் அவர்தான் பூசினார்.

வேண்டுதல் நிறைவேறியதா இல்லையா என்று பூசாரியிடம் யாரும் கேட்கவில்லை. எனக்கு அம்மன் மேல் நம்பிக்கை இருக்கிறது. அதற்கு மேல் தெரியாது.

மாமா அதற்குப் பிறகு நாற்காலிக்கு வரவில்லை. காத்திருக்கிறவர்கள் உட்காருகிற பெஞ்சில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருப்பார். அவர் முகத்துக்கு நான்தான் சவரம் செய்வேன், அந்தச் சித்தூர்க் கத்தியால். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்.

"அன்னிக்கு நீ கத்தி சரியில்லன்னு சொல்லியிருந்தா, அடுத்த செவ்வாக்கெழம எங்க போறதுன்னு அதுக்குள்ள யோசிச்சி வச்சிட்டேன் மச்சான்."

"எங்க மாமா?"

"ஆர்க்காடு. அங்க ஒருத்தன்கிட்ட நல்ல கத்தி கீதாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். நான் கத்தியை எடுத்துவிட்டுத்தான் சிரித்தேன்.

அடுத்த வருடம் அவர் காலமானார். கடைசியாக அவர் முகத்தை வழித்ததும் நான்தான், அதே கத்தியால். சாவுக் காரியத்துக்குப் போன கத்தி இனிக் குழந்தைக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகாது. அதை அவரோடு வைத்துவிட்டேன். அதனால் அந்தக் கத்தியைப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

அக்கா கோயிலில் இருந்து வந்த அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. நான் போனால் சோறு போடுவாள். "துன்ன சொல்லு அவன," என்று பாபுவிடம் சொல்வாள். ஒரே ஒரு தடவைதான் நேராகப் பேசினாள், கருமாதி முடிந்த அன்றைக்கு. "ஒரு வார்த்தை. கத்தி சரியில்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நீயே வாங்கி போட்டிருந்தா உனக்கு இன்னா கொறைஞ்சிருக்கும்? ஊருக்கு முன்னால அவரு கைய நொண்டியாக்கிட்ட." மாமா ஆர்க்காடு என்று சொன்னதைச் சொன்னேன். "செத்தவரு வாயில உன் பேச்ச வைக்காத," என்று உள்ளே போய்விட்டாள்.

அவள் சொன்ன மாதிரி செய்திருக்கலாமோ என்று சாமி முன்னால் நிற்கும்போதெல்லாம் தோன்றுகிறது. உங்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கத்தி வாங்கப் போகும்போது உங்களிடம் உண்மை பேசுகிற ஒருவனைக் கூட அழைத்துப் போங்கள். நீங்கள் அப்படி ஒருவனாகப் போக நேர்ந்தால், அது சும்மா முடியாது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

இப்போது சொந்தத்தில் சிலர் இந்தக் கதையை மாற்றிச் சொல்கிறார்கள். பழைய கத்தி துரோகம் செய்துவிட்டது என்று சொல்கிறார்கள், மாமா மேல் இருக்கிற பிரியத்தில். வேறு சிலர் நான் குழந்தையைக் காப்பாற்றினேன் என்கிறார்கள், என் மேல் இருக்கிற பிரியத்தில். இரண்டும் வேண்டாம். நீங்கள் பத்துப் பேருக்குச் சொல்லுங்கள், எழுதி அனுப்புங்கள், ஆனால் இதில் இருப்பது போலவே சொல்லுங்கள். கத்தி நல்ல கத்தி. அதைத் தேர்ந்தெடுத்தது அவர் கண். ஆடியது அவர் கை. சொன்னது நான்.

அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. உங்களில் யாராவது பிச்சாட்டூர்ப் பக்கம் போனால் இதை அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவளுக்காக ஒரு வார்த்தைகூட மென்மையாக்க வேண்டாம். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நிறுத்தாதீர்கள். கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள். அங்கிருந்து கேட்பாள்.